கயிறு வாங்காத சிலாந்தோய்

முள்மரத்தில் ஒடித்த முள் ஒன்றை டயர் வால்வுக்குள் குத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக் காற்று போகிற சத்தத்தைக் கேட்டபடி குந்தியிருக்கிறாள் சிலாந்தோய். வண்டிக்குள் நாங்கள் நாலு பேர், இரண்டு சோள மாவு மூட்டை, கால் கட்டிய ஒரு கிடா. முன்னால் காட்டாற்று மணல். பின் இருக்கையிலிருந்து யாராவது ஒருவர் கட்டாயம் வாயைத் திறப்பார்.

"போதும்மா. டயர் சப்பையாயிடப் போவுது."

"சப்பையாத்தான் ஆகணும். ஒட்டகத்துப் பாதம் எப்படி இருக்கு, உன் கிடாவோட குளம்பு எப்படி இருக்கு? மணல்ல எது முங்கும்னு நீயே சொல்லு."

கேட்டவர் கிடாவைப் பார்ப்பார். அதற்குள் அவள் அடுத்த டயருக்குப் போயிருப்பாள். நாலு டயரையும் இப்படித் தளர்த்திவிட்டு, மணலைத் தாண்டியதும் கைப் பம்பை எங்களிடம் நீட்டுவாள். பயணிகள்தான் அடிக்க வேண்டும். எங்கள் ஊரான எங்காரேயின் தடத்தில் அவள் வண்டியில் ஏறுகிறவர்களுக்கு இது எழுதாத சட்டம். மாட்டுக்குத் தடுப்பூசி போடுவது என் பிழைப்பு. ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாரம் தவறாமல் அவளோடு போய் வருகிறேன். என் தோள்பட்டை இந்த வயதிலும் இறுகிக் கிடப்பதற்கு அந்தப் பம்பு ஒன்றே காரணம்.

அவள் என் வயதுக்காரி. நாற்பத்தாறு. அதனால் மரியாதையாக 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை, அவளும் அதை எதிர்பார்க்க மாட்டாள். மழித்த தலை, கழுத்து நிறையப் பாசிமணி, சிவப்புப் போர்வை, பழைய டயரை அறுத்துத் தைத்த செருப்பு. வண்டியில் ரேடியோ இருக்கிறது, ஆனால் போட மாட்டாள். மேட்டில் ஏறும்போது யாராவது பேசினால் அவளுக்குப் பொல்லாத கோபம் வரும். "வாயை மூடுங்க. சக்கரம் பேசுது, எனக்குக் கேக்கணும்" என்பாள். ஒருமுறை ஒரு போதகர் மேட்டில் ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். அவரையும் ஆமென் வரைக்கும் போக விடவில்லை.

வண்டி ஜப்பான்காரன் ஓட்டிக் கழித்த கார். நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் பலம் போகிற வகை. ஆனால் பிக்கப் மாதிரி உயரமும் கிடையாது, உறுமலும் கிடையாது. வயிற்றுக்கு அடியில் எண்ணெய்ப் பீப்பாயை வெட்டி ஒரு தகடு பற்றவைத்திருக்கிறாள். புருஷன் செத்தபோது அவள் பங்குக்கு வந்த பசுக்களை விற்று வாங்கியது. பசுவை விற்று இரும்பு வாங்கிய பெண் என்று கொழுந்தன்மார் இன்றைக்கும் காறித் துப்புகிறார்கள். "அந்தத் தகரம் ஒரு நாள் நிக்கும். அன்னிக்கு எங்க பட்டிக்குத்தானே பால் கறக்க வரணும்" என்பது அவர்கள் பேச்சு. அவள் பயப்படுகிற ஒரே விஷயம் அந்தப் பட்டிதான். அதை அவள் சொன்னதில்லை. ஆனால் அந்தப் பட்டியைக் கடக்கும்போது மட்டும் கியரை மாற்றி வேகமாகப் போவாள், பள்ளம் மேடு பார்க்க மாட்டாள்.

எங்காரே சந்தைத் திடலில் வண்டிகள் வரிசையில் நிற்காது. கற்கள்தான் நிற்கும். ஒவ்வொரு ஓட்டுநருக்கும் கைக்கு அடங்குகிற ஒரு கல். வந்ததும் தன் கல்லை வரிசையில் வைத்துவிட்டு வண்டியை எங்கே வேண்டுமானாலும் நிழலில் விடலாம். கல் முன்னால் வந்தால் பயணி கிடைக்கும். அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. வழியில் மாட்டிக்கொண்டு, இழுத்துவிடச் சொல்லி இன்னொரு வண்டியிடம் கயிறு வாங்கியவன் கல், அந்த மழைக்காலம் முடியும்வரை வரிசையின் கடைசிக்குப் போய்விடும். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் இதுதான். ஆகவே எங்கள் ஊரில் ஓட்டுநர்கள் கடவுளுக்கு அடுத்தபடியாகக் கயிற்றுக்குத்தான் பயப்படுவார்கள். சிலாந்தோய் இதுவரை கயிறு வாங்கியதில்லை.

திடலின் தலைவர் தோம்போய். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் தன் பிக்கப்பைத் தவிர உலகத்தில் வேறு வண்டி இருப்பதாக நினைக்காதவர். அதில் ஒரு நெம்புகோல் உண்டு. இழுத்தால் பின் சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டு ஒன்றாகவே சுற்றும். அதற்கு அவர் வைத்த பெயர் பூட்டு. "பூட்டு இல்லாத வண்டி, கதவு இல்லாத வீடு" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்வார்.

"பூட்டைப் போட்டுக்கிட்டுச் சரிவுல குறுக்கே போனீங்களே தலைவரே, ரெண்டு சக்கரமும் ஒண்ணா வழுக்கி, தட்டு மாதிரி கீழே போனீங்களே, அந்த முள்மரம் பிடிக்கலைன்னா எங்கே போயிருப்பீங்க?" என்று அவளும் அதே பத்துத் தடவை கேட்பாள். தோம்போய் உடனே மழையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்.

டிஃபரன்ஷியல் என்றால் என்ன என்று நான் ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன். தேநீர்க்கடையில் இரண்டு குவளையையும் என் தொப்பியையும் பிடுங்கி வைத்துக்கொண்டு பாடம் நடத்தினாள். "திரும்புறப்போ வெளிச் சக்கரம் அதிகம் ஓடணும், உள் சக்கரம் கம்மியா ஓடணும். அதுக்குத்தான் நடுவுல அந்தப் பல்சக்கரப் பெட்டி. நல்லதுதான். ஆனா அது ஒரு பயந்தாங்கொள்ளித் தகப்பன். ரெண்டு மகனுக்கும் சமமாத்தான் கொடுப்பேன்னு பிடிவாதம். ஒருத்தன் காத்துல சும்மா சுத்துறான்னு வையி, அவனுக்கு எந்தப் பலமும் வேண்டியதில்லை. சமமா கொடுக்கணும்ல? அதனால மண்ணுல காலை ஊனி நிக்கிறானே, அந்த மகனுக்கும் ஒண்ணும் கிடைக்காது. வண்டி நகராது. எங்க வீட்டுல நடந்ததும் அதுதான்." கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு என் தேநீரையும் அவளே குடித்தாள்.

"அப்போ உன் வண்டியில என்ன வழி?"

"பாம்பு இருக்கு."

ஸ்டியரிங்குக்குப் பின்னால் எரிகிற ஒரு மஞ்சள் விளக்குதான் பாம்பு. ஒரு குட்டிக் காரும் அதன் பின்னால் நெளிகிற இரண்டு கோடும். சும்மா சுற்றுகிற சக்கரத்தை வண்டியே கண்டுபிடித்து அதற்கு மட்டும் பிரேக் போடும்போது அது மினுக்கும். பிரேக் விழுந்ததும் அந்தச் சக்கரத்தைச் சுற்றப் பலம் தேவைப்படுகிறது, அதே அளவு பலம் மண்ணில் நிற்கிற சக்கரத்துக்கும் போகிறது, வண்டி ஏறுகிறது. டிராக்ஷன் கண்ட்ரோல் என்று நரோக் நகரத்தில் ஒரு மெக்கானிக் பெயர் சொன்னார். எங்காரேயில் அந்தப் பெயர் நிற்கவில்லை, பாம்பு நின்றுவிட்டது.

இதில் எங்கள் ஊர் ஒரு காரியம் செய்தது. அவளைப் பார்த்து அதே மாதிரி கார் வாங்கியவர்கள், சேற்றில் பாம்பு மினுக்கியதும், அடியில் 'கர்ர்' என்று பிரேக் அரைத்ததும் பதறி, காலை எடுத்துவிட்டார்கள். காலை எடுத்தால் வண்டி நிற்கும். நின்றது. உடனே பாம்பு ஆகாது என்று முடிவு கட்டி அதன் கம்பியை வெட்டிப் போட்டார்கள். அதன்பிறகு அந்தக் கார்கள் ஒரு எருமைக் குட்டையைக்கூடத் தாண்டவில்லை. எல்லாம் கயிறு வாங்கின. சிலாந்தோய்க்கு அப்போது வந்த கோபத்தை நான் பார்த்திருக்கிறேன். திடல் நடுவில் நின்று கத்தினாள்.

"வீட்டுக்குள்ள பாம்பு வந்தா, செத்த பெரியவங்க வந்திருக்காங்கன்னு பால் ஊத்துறீங்க. வண்டிக்குள்ள வந்தா கம்பியை வெட்டுறீங்களா? மினுக்குறப்போ காலை அப்படியே வைங்கடா! அது வேலை செய்யுது, நீங்கதான் செய்யலை!"

யாரும் கேட்கவில்லை. கேட்காதது போதாதென்று, இந்த மழை தொடங்கியதும் தோம்போய் ஒரு தீர்ப்பும் சொன்னார். பூட்டு இல்லாத வண்டி எதுவும் மழைக்காலத்தில் எங்காரே தடத்தில் ஓடக்கூடாது. சொன்னதோடு, வரிசையிலிருந்த அவள் கல்லைக் காலால் எத்திவிட்டார். அது ஓடைக்குள் போய் விழுந்தது. மழைக்காலம் என்றால் எங்கள் பக்கம் வருஷத்தில் பாதி. பாதி வருஷம் வண்டி நின்றால் கொழுந்தன்மார் பட்டிதான். அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். தோம்போய்க்கும் தெரியும். எனக்கு அவர்மேல் அன்று வந்த வெறுப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை.

அவள் அழவில்லை. கெஞ்சவும் இல்லை. "படிக்கட்டுல ஏத்திக் காட்டுறேன். முழுச் சுமையோட. கயிறு இல்லாம. அப்புறம் என் கல் எங்கே இருக்கணும்னு பேசுவோம்" என்றாள்.

படிக்கட்டு என்பது சந்தைக்குப் பின்னால் மேட்டு நிலத்துக்கு ஏறுகிற பாறைத் தடம். படி என்று சொல்கிறோமே தவிர ஒரு படியும் இன்னொரு படி மாதிரி இருக்காது. சுமையைத் தோம்போயே தேர்ந்தெடுத்தார். அவர் வஞ்சகம் அதில்தான் தெரிந்தது. மாவு மூட்டை நாலு. முன் இருக்கையில் இறைச்சிக்கடை மெரேஷோ, எங்கள் ஊரில் அவரைவிடக் கனமான ஆள் கிடையாது. பின்னால் நான், மெரேஷோவின் மனைவி, அவள் தங்கை. அந்தக் குடும்பத்தில் யாரும் இளைத்தவர்கள் இல்லை. தோம்போய் பூட்டைப் போட்டுக்கொண்டு உறுமி மேலே ஏறிப் போய், பிக்கப்பைத் திருப்பி நிறுத்தி, கயிற்றைத் தொங்கவிட்டுக் காத்திருந்தார். ஊரே ஓரத்துப் பாறைகளில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.

பாதி வரைக்கும் அவள் ராணி மாதிரி ஏறினாள். நடுப்படியில் முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் ஒரே சமயத்தில் காற்றில் தூக்கிக்கொண்டன. பாம்பு மினுக்கியது. அடியில் 'கர்ர்' என்று அரைத்தது. அவள் கால் அசையவில்லை. வண்டி ஒரு முழம் ஏறும், படியில் முட்டும், பின்னால் சறுக்கும். திரும்ப மினுக்கும், திரும்ப ஏறும், திரும்ப முட்டும். மெரேஷோ கண்ணை மூடிக்கொண்டார். அவளோ பல்லைக் கடித்துக்கொண்டு அதே இடத்தில் மோதிக்கொண்டே இருந்தாள். பிடிவாதம் பிடித்தவளுக்கு வேறு வழி கண்ணில் படாது. தீய்ந்த வாடை வந்தது. பிறகு பாம்பு மினுக்குவதை நிறுத்தி, அசையாமல் எரிந்தது. இரண்டு சக்கரமும் காற்றில் ஜாலியாகச் சுற்றின. வண்டி நகரவில்லை.

"என்னாச்சு?" என்றேன்.

"தூங்கிடுச்சு" என்றாள். அவள் குரல் அவ்வளவு மெலிந்து நான் கேட்டதில்லை. "பிரேக் கொதிச்சா வண்டி தானே அதை நிறுத்திடும்போல. எனக்குத் தெரியாது. இது வரைக்கும் தூங்கினதில்லை."

தோம்போய் மேலிருந்து இறங்கி வந்தார். கையில் கயிற்றின் நுனி. பாறைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். எதிர்மலை இல்லாமல் போயிருந்தது. அங்கே மழை.

"பிடிம்மா. மழை வந்தா இந்தப் பாறை சோப்பு மாதிரி ஆயிடும். உள்ள ஆளுங்க இருக்காங்க." அவர் எகத்தாளம் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

சிலாந்தோய் எஞ்சினை அணைத்தாள். கைப் பிரேக்கை இழுத்தாள். இறங்கி, சக்கரங்களுக்குப் பின்னால் கல் வைத்தாள். பிறகு பாறையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"என்ன பண்றே?"

"ஆறட்டும்."

"ஆறுறதுக்குள்ள மழை வந்துடும்."

"வரட்டும். ஏறணும்னு சொன்னேன், கயிறு வேண்டாம்னு சொன்னேன். எப்போ ஏறணும்னு நாம பேசிக்கலையே தலைவரே." பிறகு எங்களைப் பார்த்தாள். "பயமா இருந்தா இறங்கிக்கோங்க. தப்பா நினைக்க மாட்டேன்."

சுமை குறைந்தால் பந்தயம் செல்லாது. அவளுக்கும் அது தெரியும். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இறங்கினால் அதற்கப்புறம் எந்த முகத்தோடு அவள் வண்டியில் ஏறுவது என்றும் இருந்தது. மெரேஷோதான் முதலில் சொன்னார்: "நான் இறங்கினா திரும்ப யாரு என்னை ஏத்துறது? நான் இங்கேயே இருக்கேன்." அவர் மனைவி தண்ணீர்க் குடுவையை ஜன்னல் வழியாக நீட்டி, "சக்கரத்துல ஊத்தேன், சீக்கிரம் ஆறிடும்" என்றாள்.

"கொதிக்கிற மண்சட்டியில பச்சைத் தண்ணி ஊத்துவியா நீ?"

"விரிஞ்சு போகுமே."

"இதுவும் போகும். அந்தத் தண்ணியைக் குடி."

மழை எங்கள் பக்கம் நடந்து வருவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். தோம்போய் கயிற்றை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார். அவள் சும்மா இருக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு தடத்தில் ஏறி இறங்கினாள். எந்தப் படி எவ்வளவு சாய்கிறது என்று பாதத்தால் அமுக்கிப் பார்த்தாள். இடது ஓரத்தில் ஒரு பள்ளத்தைக் கல் போட்டு நிரப்பினாள். தன் பாம்பு எதையும் ஏற்றிவிடும் என்று நம்பி நேர் நடுவில் விட்டது தப்பு என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். வாயால் ஒத்துக்கொள்கிற ஜாதி இல்லை அவள். சக்கரத்தின் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்த்தாள். முதல் துளி என் கையில் விழுந்தபோது, சக்கரங்களுக்குப் பின்னால் வைத்த கற்களை எடுத்துப் போட்டுவிட்டு வண்டியில் ஏறினாள். சாவியைத் திருப்பியதும் பாம்பு ஒரு கணம் எரிந்து அணைந்தது.

வண்டியைப் பின்னோக்கி விட்டாள். பாறைகளில் இருந்தவர்கள் 'ஹோ' என்றார்கள். தோற்று இறங்குகிறாள் என்று நினைத்தார்கள். இரண்டு படி இறங்கி, ஸ்டியரிங்கை ஒடித்து, இடது ஓரத்தில் பிடித்தாள். இந்தத் தடவை ஒரு சக்கரம்தான் தூக்கியது. பாம்பு மினுக்கியது.

"காலை எடுத்துடாதே, காலை எடுத்துடாதே" என்று மெரேஷோ முனகினார்.

"வாயை மூடுங்க!"

'கர்ர்' என்று அரைத்தது. தூக்கிய சக்கரம் நின்றது, மற்றவை பிடித்தன. வண்டி தயங்கி, முக்கி, அந்தப் படியைத் தாண்டியது. அடுத்த படியையும் தாண்டியது. தோம்போயின் பக்கத்தில் போனபோது அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவர் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்திருந்தார்.

மேலே போய் நிறுத்தியதும் மழை கொட்டியது. பிக்கப்புக்குச் சாவி தேட நேரமில்லாமல் தோம்போயும் எங்கள் காருக்குள்தான் வந்து நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"இவ்வளவு நேரம் நடுவழியில உக்காந்திருந்தா, வண்டியில வர்றவங்க என்ன பண்ணுவாங்க?" என்றார், விட்டுக்கொடுக்க மனமில்லாமல்.

"உங்க முள்மரத்துல உங்க ஆளுங்க எவ்வளவு நேரம் தொங்கினாங்களோ, அவ்வளவு நேரம் உக்காருவாங்க."

மெரேஷோவின் மனைவி சிரித்ததில் கார் ஆடியது. தோம்போயின் உதடும் கொஞ்சம் கோணியது. மழை விடுகிற வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் சொன்னார்: "சரி, ஓட்டு. உன் பழைய கல் ஓடையோட போச்சு. ஏதாவது ஒரு கல்லை எடுத்து வரிசையில வச்சுக்கோ."

"ஏதாவது ஒண்ணா?"

"ஏதாவது ஒண்ணு."

அவள் இறங்கினாள். மேட்டில் கல்லுக்கா பஞ்சம்? காலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஒரு இடத்தில் நின்று என்னையும் மெரேஷோவையும் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால், படுத்திருக்கிற கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு பாறை. "தூக்குங்க" என்றாள். தூக்கினோம். மாவு மூட்டைகளை இறக்கிவிட்டு அதைப் பின்னால் ஏற்றினோம், காரின் மூக்கு வானத்தைப் பார்த்தது. மூட்டைகள் தோம்போயின் பிக்கப்பில் வந்தன.

சந்தைத் திடலுக்கு வந்து இறக்கியபோது, வரிசையில் எலுமிச்சம்பழ அளவும் முட்டை அளவுமாக மற்றவர்களின் கற்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் இது. ஓட்டுநர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருவன் சோதித்துப் பார்க்கிற மாதிரி செருப்புக் காலால் தள்ளினான், அது அசையவில்லை.

சிலாந்தோய் நாலடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடி வரிசையைப் பார்த்தாள். திருப்தி இல்லை. திரும்பி வந்து தரையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் பாறையில் ஊன்றி, முதுகை வளைத்து, நேர் வரிசைக்கு வருகிற மாதிரி அதை ஒரு விரற்கடை நகர்த்தினாள்.